எல்டபிள்யூஐபி: ஓடினால் தங்கம், கம்பைல் ஆவதுதான் பெரும்பாடு

மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னச் சிப்பில் டிசிபி/ஐபி, அதாவது இணையத்தில் பேசும் நெறிமுறை, வேண்டும் என்றால் பெரும்பாலும் எல்டபிள்யூஐபி-யில்தான் வந்து நிற்போம். ஆடம் டங்கல்ஸ் ஸ்வீடனில் எழுதத் தொடங்கிய லைப்ரரி; சில பத்து கிலோபைட் ரேம் இருந்தால் போதும். பல வருடமாக இதோடு குப்பை கொட்டுகிறேன். ஓட ஆரம்பித்துவிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவரைக்கும்தான் பாடு.

இதில் வரும் கம்பைல் எர்ரர்களுக்குக் காரணம் நம் சி கோடில் இருப்பது குறைவு. எல்டபிள்யூஐபிஆப்ட்ஸ்.எச் என்ற கான்ஃபிக் ஃபைலில்தான் முதலில் தேட வேண்டும். ஆர்டிஓஎஸ் (சிப்புக்கான சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்) இல்லாமல் நோ_சிஸ் மதிப்பை 1 என்று வைத்தால், அது இருந்தால்தான் ஓடும் சாக்கெட், நெட்கான் ஏபிஐ இரண்டையும் 0 ஆக்கியே தீர வேண்டும். இரண்டுமே டீஃபால்ட்டாக 1 என்பதால் புதிதாக வருகிற எல்லோரும் இங்கே முட்டிக்கொள்கிறார்கள். நல்லவேளை, லைப்ரரியே #எர்ரர் (பில்டை நிறுத்திச் செய்தி காட்டும் வரி) போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

எதுவுமே சொல்லாமல் படுத்துவது வேறு ஒன்று. மதிப்பை மாற்றுவோம், மறுபடி பில்ட் செய்வோம், அதே எர்ரர் அப்படியே வரும். சிப் கம்பெனி தரும் உதாரண ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொரு கான்ஃபிக் ஃபைல் இருக்கும். கம்பைலர் ஹெடர்களைத் தேடும் இன்க்ளூட் பாதையில் அது முந்திக்கொண்டால் நாம் திருத்தும் ஃபைலை யாரும் படிப்பதே இல்லை. நம் ஃபைலின் முதல் வரியில் ஒரு #எர்ரர் எழுதிப் பாருங்கள். பில்ட் அந்த வரியில் நிற்கவில்லையா, சந்தேகம் தீர்ந்தது. பிறகு ஜிசிசி கம்பைலருக்கு பெரிய எழுத்து எச் ஃபிளாக்கைக் (-H) கொடுத்தால், எந்த ஹெடர் எங்கிருந்து வருகிறது என்று பாதையோடு கொட்டும். முன்னால் எத்தனை புள்ளியோ, ஒன்றுக்குள் ஒன்றாக அத்தனை ஆழம். ஐடிஇ-யில் மவுஸை வைத்துத் தேடுவதைவிட இதை நம்பலாம்.

'ஸ்ட்ரக்ட் டைம்வால்' இரண்டு முறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று வந்தால் அது நியூலிப் என்ற சி லைப்ரரியோடு வரும் மோதல். எல்டபிள்யூஐபி_டைம்வால்_பிரைவேட்டை 0 ஆக்கி, சிஸ்/டைம்.எச்-ஐ நம் சிப், கம்பைலருக்கான ஹெடரான சிசி.எச்-இல் சேர்த்தால் அடங்கிவிடும். லைப்ரரி ஹெடரையே திருத்துகிறவர்களும் உண்டு. அடுத்த அப்டேட்டில் அந்தத் திருத்தம் காணாமல் போகும்.

2016-இல் வந்த எல்டபிள்யூஐபி 2.0-க்கு மாறுகிறவர்களுக்குத் தனி வேலை இருக்கிறது. ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் இயக்கினால், பழைய கோடில் ஐபி முகவரியின் உள்மதிப்பை நேராகத் தொட்ட இடமெல்லாம் 'அப்படி மெம்பரே இல்லை' என்று நிற்கும். அந்த இடங்களில் ஐபி_2_ஐபி4 மேக்ரோவைப் போட வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி தேடாதீர்கள்.

ஜிசிசி 14-க்குப் போனவர்கள் இன்னொன்றைப் பார்த்திருப்பார்கள். ஹெடர் சேர்க்காமல் கூப்பிட்ட ஃபங்ஷன் முன்பு வெறும் வார்னிங், இப்போது எர்ரர். எனக்கு இதில் சந்தோஷம்தான். வார்னிங்கை யார் படித்தார்கள்?

'சிஸ்_நவ்' கிடைக்கவில்லை என்று வந்தால் அது கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரின் புகார், கம்பைலரைத் திட்டிப் பயனில்லை. மில்லிசெகண்டில் நேரம் சொல்லும் அந்த ஃபங்ஷனை நாம்தான் எழுதித் தர வேண்டும். ரேம் பகுதி நிரம்பி வழிகிறது என்றால் முதலில் பிபஃப் பூலின் (பாக்கெட்டுகளுக்காக ஒதுக்கிய பஃபர்கள்) அளவைக் குறைத்துப் பாருங்கள்.