ஏறும்போது எல்லாமே நல்ல வண்டிதான்

பைக் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊரில் இரண்டே கேள்விதான். மைலேஜ் எவ்வளவு? புல்லிங் எப்படி? ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் டபுள்ஸில் எப்படி ஏற்றினேன் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கதை முக்கியமில்லை. ஏறும்போது எல்லாமே நல்ல வண்டிதான். இறங்கி வந்து அடிவாரத்தில் நிறுத்தும்போது பிரேக் டிரம்மிலிருந்து கருகிய வாடை வருகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

சேலம் கோரிமேட்டில் வீடு. மேலே காப்பி எஸ்டேட்களில் மோட்டார், பம்ப் செட் வேலை. அதனால் நான் வைத்திருந்த ஒவ்வொரு வண்டியையும் இந்த ஒரு ரோடுதான் எனக்கு அறிமுகப்படுத்தியது.

முதல் வண்டி யெஸ்டி ரோடுகிங், செகண்ட் ஹேண்ட். கிக்கரும் கியர் லிவரும் அதில் ஒன்றேதான். பின்னால் திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் முன்னால் வந்தால் கியர். முதல் தடவை ஓட்டக் கேட்பவர்கள் கிக்கரைத் தேடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார்கள். இரட்டை சைலன்சர் சத்தம் வளைவுகளில் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அந்தச் சத்தத்துக்காகவே கியரை மாற்றாமல் இழுத்திருக்கிறேன்.

அப்புறம் யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை. எண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வளைவின் நடுவில் முன்னால் பஸ் திணறிக்கொண்டிருக்கும். ரோடு நேராகி எதிரே வண்டி இல்லை என்று தெரிந்ததும் இரண்டாவது கியரில் முறுக்கினால், ஹேண்டில்பார் கனம் குறைவது உள்ளங்கையில் தெரியும். நினைத்து முடிப்பதற்குள் பஸ் பின்னால் போயிருக்கும். அப்படி ஒரு வண்டியை அதற்குப் பிறகு நான் ஓட்டவில்லை.

சரி, இறக்கம்? இரண்டுமே டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒரு சுற்று வேலை முடிந்துவிடும் இன்ஜின். ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் வண்டியை அவ்வளவாகப் பிடிக்காது, உருண்டுகொண்டே இருக்கும். எல்லாச் சுமையும் டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ மேல்தான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் யெஸ்டியில் இன்னொரு தொல்லை. பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி இறக்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் போதுமான அளவு போகாது. அதனால் இறங்கும்போதும் இடையிடையே முறுக்கிவிட வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் முறுக்கு என்றால் என்ன நியாயம்?

அதற்குப் பிறகு வந்தது ஸ்ப்ளெண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். இன்றும் அதுதான். ஏற்றத்தில் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பொறுமையாகப் போகும், போய்ச் சேரும். ஆனால் இறக்கத்தில் அது வேறு வண்டி. வளைவுக்கு முன்னால் லிவரின் பின்பக்கத்தைக் குதிகாலால் ஒரு மிதி. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும். இன்ஜின் குரல் ஏறும், வண்டி அடங்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்பரேட்டர் மூடியிருக்க, அதன் வழியாகக் காற்றை இழுக்க இன்ஜின் திணறுகிறதே, அந்தத் திணறல்தான் பிரேக். போன வாரம் பின் பிரேக் ஷூ மாற்றியபோது பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சீராகத் தேய்ந்திருந்தது. சூட்டில் இறுகிக் கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தப் பளபளப்பு துளியும் இல்லை. டூ ஸ்ட்ரோக் நாட்களில் அப்படி ஒரு ஷூவை நான் கழற்றியதே இல்லை.

எனக்குக் கோபம் வருவது இவ்வளவு நல்ல இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறக்குகிறவர்கள் மேல். பெட்ரோல் மிச்சமாம்! வளைவு திரும்பினால் காட்டெருமை நிற்கும், பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வரும். அங்கே கை கொடுப்பது இன்ஜினும் கியரும்தான். கார்பரேட்டர் வண்டியில் மிச்சமாவது சொற்பம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்த பிறகு அநேகமாக எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஏற்பாடு. பெரும்பாலான வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் ஓடினால்தான் குடிக்கும். டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போனால் அந்த மிச்சத்தை வைத்து என்ன செய்வது?

இதெல்லாம் எழுதக் காரணம் என் நண்பன். சேலத்திலேயே ஒருவரிடம் ஆர்எக்ஸ் 100 இருக்கிறதாம், லட்சத்துக்கு மேல் சொல்கிறாராம், வாங்கலாமா என்று கேட்டான். மலை ரோட்டுக்கு என்று கேட்டால் என் பதில் ஸ்ப்ளெண்டர்தான், மேலே அத்தனையும் அதற்குத்தான் சாட்சி. ஆனாலும் மாப்ள, வாங்கு. மைசூரில் யெஸ்டி தொழிற்சாலை மூடியதும் 1996, ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றதும் 1996. இரண்டையும் நான் விற்றுவிட்டேன். திரும்பக் கேட்டுப் போனபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விலையைக் கொஞ்சம் பேசிப் பார். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார். ஒத்துப்போனால் முன்பணம் கொடுத்துவிட்டு வா. முதல் வேலையாக நாலு பிரேக் ஷூவையும் புதிதாகப் போட்டுவிடு. அதற்கப்புறம் மலைக்குப் போகலாம். ஏறும்போது மட்டும் வண்டியை என்னிடம் கொடு.