ஐந்து தலைமுறையின் கல்லூரிப் படங்களைச் செப்பனிட்டுத் தந்த யாங்கூன் கடை

யாங்கூனில் (பழைய ரங்கூன்) பன்சோடான் சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில், பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இயங்கும் இந்தச் சிறிய கடையைப் பழைய புகைப்படங்களும் சான்றிதழ்களும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நம்பி நாடலாம். கட்டணம் குறைவு என்றோ, வேலை விரைவாக முடியும் என்றோ நான் சொல்லவில்லை. கைக்கு வரும் பொருளில் இருப்பதைக் காப்பாற்றுகிறார்கள், இல்லாததைச் சேர்ப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவராவது சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்திருக்கிறோம். கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்று படித்தது வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த 1890களில். அப்போது கல்லூரி உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாத்தா படித்த 1920களில் பாப்டிஸ்ட் சபையினரின் ஜட்சன் கல்லூரி ரங்கூனிலேயே இருந்தும், தகப்பனார் படித்த இடத்திலேயே தாமும் படிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக மதராசுக்குப் போனாராம். 1937இல் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த பின் தாத்தாவின் தம்பியும், 1950களில் என் தந்தையும் அங்கே படித்தனர். 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு இங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தபோது என் தங்கை தாம்பரம் சென்றாள். அந்தக் கல்லூரி 1939 முதலே பெண்களைச் சேர்த்துக்கொண்டபோதும், எங்கள் வீட்டிலிருந்து போன முதல் பெண் அவள்தான். இப்போது அவள் மகளுக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அவள் கையில் கொடுத்தனுப்ப ஓர் ஆல்பம் செய்ய வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்தோம்.

யாங்கூன் மழைக்காலத்தை எத்தனையோ முறை கடந்த காகிதம் எப்படி இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கொள்ளுத்தாத்தாவின் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ் நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. மடிப்புகள் பழுத்து, தொட்டால் நான்கு துண்டாகிவிடும் நிலையில் இருந்தன. வேறிடங்களில் கேட்டபோது லேமினேட் செய்துவிடுங்கள் என்றார்கள். இந்தக் கடைக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டதுமே கையை அசைத்து மறுத்துவிட்டார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் காகிதம் அதற்குள்ளேயே மட்கும் என்று விளக்கினார். மாறாக, கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சிய நீர்த்த பசையை மென்மையான தூரிகையால் தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளைப் பின்புறம் ஒட்டி, உறிஞ்சு தாள்களுக்கு இடையே வைத்துப் பாரம் ஏற்றிவிட்டார். தேவைப்பட்டால் ஈரப்படுத்தி அந்தத் தாளை மீண்டும் எடுத்துவிடலாம் என்பதே இம்முறையின் சிறப்பு. மடிப்புக் கோடுகள் இப்போதும் தெரிகின்றன, மையும் முத்திரையும் அப்படியே இருக்கின்றன. வெளுக்கவைக்கவா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கடினமான வேலை, தாம்பரம் கல்லூரியின் சேலையூர் ஹால் விடுதியில் 1938இல் எடுத்த குழுப் படம். ஓரங்களில் வெள்ளி வெளிப்பட்டு நீல மினுமினுப்பு ஏறியிருந்தது. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வரும் நோய் அது என்றார். அதைவிடப் பெரிய சேதம், இரண்டாம் வரிசையில் நிற்கும் சின்னத் தாத்தாவின் முகத்தை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டிருந்தது. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வெளியேறிய லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். வழியிலேயே காலராவில் இறந்தார். முன்பே கப்பலில் போன பாட்டியின் பெட்டியில் இருந்ததால் இந்தப் படம் பிழைத்தது. அவருடைய வேறு படம் எங்களிடம் இல்லை.

நகரில் வேறொரு கடையில் இதே படத்தைக் கொடுத்தபோது, கணினியைக் கொண்டு ஓர் அழகான இளைஞனின் முகத்தை அங்கே பொருத்திக் கொடுத்தார்கள். எங்கள் அத்தை அதைப் பார்த்து, இது யார் என்று கேட்டார். இந்தக் கடைக்காரரின் தாயார் தமிழர். கடைக்காரருக்குத் தமிழ் எழுத்து வராது, பேச்சு நன்றாக வரும். “எனக்குத் தெரியாத முகத்தை எப்படித் தம்பி போடுவது? நாளைக்குப் பிள்ளைகள் அதைத்தான் அவர் என்று நினைத்துவிடும்” என்றார். அரிப்பு மேலும் பரவாதபடி விளிம்பை ஒட்டி நிறுத்தினார்; அதிக நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, மினுமினுப்பையும் கறையையும் பிரதியில் மட்டும் நீக்கினார்; மூலப் படத்தில் வேறெங்கும் கைவைக்கவில்லை. பெரிதாக்கிய பிரதியில், முகம் இல்லாத அந்த இடத்துக்குக் கீழே வேட்டியின் கரையும், பக்கத்து மாணவனின் தோள்மேல் போட்டிருக்கும் கையும் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தன. பழைய படங்களைச் செப்பனிடுவோர் அனைவரும் இந்த நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

தந்தையின் படங்களில் தூசு நீக்கியதைத் தவிர வேலை இல்லை. தங்கையின் வண்ணப் படங்கள் சிவப்பேறியிருந்தன. நிறத்தைச் சரிசெய்திருக்கிறார், புல்வெளியின் பச்சை மட்டும் சற்றுக் கூடிவிட்டது.

குறை என்று சொல்ல வேண்டியது ஆல்பத்தின் தமிழ்க் குறிப்புகளைத்தான். முதல் அச்சில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தைவிட்டு விலகி, பெயர்கள் படிக்க முடியாதபடி வந்தன. அவர்களுடைய மென்பொருள் தமிழைச் சரியாகக் கையாளவில்லை. குறிப்புகளை நாங்களே படமாக்கிக் கொடுத்த பிறகுதான் சரியாயிற்று. மின்வெட்டால் சொன்ன தேதியும் தவறியது. சேதமுற்ற படம் ஒன்றுக்கு 60,000 கியாட் வாங்கினார்கள், சான்றிதழுக்கு அதைவிட அதிகம். கைவேலையைப் பார்த்தவர்கள் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

போகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே போவது நல்லது; ஒட்டிய தாள் காய்வதற்கு அப்போதுதான் குறைந்த நாள் ஆகும் என்று அவரே சொன்னார். படங்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து நீங்களாக இழுத்துப் பிரிக்காமல் உறையோடே கொண்டுபோங்கள். தமிழ்க் குறிப்புகள் வேண்டுமானால் பிடிஎஃப் கோப்பாக எடுத்துச் செல்லுங்கள்.