பெல்ட் வண்டிக்குத் திருகுத் தண்டா, கிரீஸ் உருளையா?

காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடைப்பட்ட கண்மாய்ப் பாசன வயல்களில் வாடகைக்கு ஓட்டுவதற்காக, டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் பழைய நெல் அறுவடை வண்டி ஒன்றை வாங்க முடிவெடுத்தபோது, இறுதியில் தேர்வுக்கு நின்ற இரண்டு வண்டிகளும் எஞ்சினிலும் விலையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. பெல்ட்டை இறுக்கும் அமைப்பில்தான் அவை வேறுபட்டன. ஒன்றில், பெல்ட்டின் ஒரு முனையில் சுழலும் ஐட்லர் சக்கரத்தைத் தள்ளுவதற்குத் திருகுத் தண்டும், அது இளகாமல் பூட்டும் லாக் நட்டும் இருந்தன. மற்றொன்றில் கிரீஸ் ஏற்றினால் தண்டு வெளியே நகர்ந்து ஐட்லரைத் தள்ளும் உருளை இருந்தது. நான் திருகுத் தண்டு உள்ள வண்டியை எடுத்தேன். அதற்கான காரணங்களை எழுதுவதே இங்கு நோக்கம்.

டயர் வண்டியா பெல்ட் வண்டியா என்ற கேள்வியில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. ஈரம் வற்றாத கண்மாய்ப் பற்று வயலில் டயர் புதையும், பெல்ட் புதையாது. கலிபோர்னியாவின் டெல்டாப் பகுதிச் சதுப்பு நிலத்தில் சக்கரங்கள் புதைந்ததால்தான் பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் தம் நீராவி டிராக்டரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடத்தைப் பொருத்திச் சோதித்தார்.

அமைப்பின் அடிப்படை இரண்டு வண்டிகளிலும் ஒன்றுதான். பல்சக்கரம் பெல்ட்டை இழுக்கிறது, கீழ் ரோலர்கள் எடையைத் தாங்குகின்றன, ஐட்லர் மறுமுனையில் பெல்ட்டைத் திருப்பி விடுகிறது. அறுவடை வண்டியில் பெரும்பாலும் பல்சக்கரம் முன்னாலும் ஐட்லர் பின்னாலும் இருக்கும். பொக்லைனில் இது நேர்மாறு. ஐட்லர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் மேல் பாதையிலும் கீழ்ப் பாதையிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தளர்வு எடுபடும் என்பதால், சிறு நகர்வே இறுக்கத்தைப் பெரிதும் மாற்றிவிடும். பெல்ட் தளர்ந்திருந்தால் வரப்போரம் திரும்பும்போது கழன்று விழும். அளவுக்கு மீறி இறுகினால் ரோலர் பேரிங்கும் பெல்ட்டினுள் இருக்கும் எஃகு வடங்களும் தேயும்.

கிரீஸ் உருளையின் நன்மையை மறுக்க முடியாது. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் போதும்; பெரிய ஸ்பேனரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை, ஓட்டுநர் தனியாளாகவே வயலோரத்தில் வேலையை முடித்துவிடலாம். அதோடு சேர்ந்து வரும் ரீகாயில் ஸ்பிரிங், பல்சக்கரத்திற்கும் பெல்ட்டிற்கும் இடையே செம்புறாங்கல் துண்டு சிக்கினால் ஐட்லரைச் சற்றுப் பின்வாங்க விட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் இல்லாத திருகு அமைப்பில் அந்தச் சுமை முழுவதும் வடத்தின் மேலேயே விழும். சரளை மிகுந்த மேட்டு நிலத்தில் இது திருகுத் தண்டின் உண்மையான குறை.

ஆனால் அந்த வசதி எத்தனை முறை தேவைப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் எஃகுச் சங்கிலியில் ஓடும் வண்டிகளில், ஒவ்வொரு இணைப்பிலும் பின் என்ற ஆணியும் அதைச் சுற்றிய புஷ் என்ற குழலும் தேய்வதால் சங்கிலியின் மொத்த நீளம் தொடர்ந்து கூடிக்கொண்டே போகிறது. ஆகவே அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கிறது, அங்கே கிரீஸ் உருளை தன் விலைக்கு உழைக்கிறது. ரப்பர் பெல்ட்டில் தேயும் பின் இல்லை. புதிதாகப் போட்டவுடன் சிறிது இளகி, பிறகு பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. எஃகுச் சங்கிலி வண்டியை நான் வைத்து ஓட்டியதில்லை என்பதால், அதைப் பற்றி இங்கே சொல்வதைப் பட்டறைக்காரர்களின் அனுபவமாகவே கொள்ள வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது வண்டி சும்மா நிற்கும் காலம். செட்டிநாட்டில் பெரும்பகுதி நிலம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பிய ஒருபோக நிலம். தை, மாசியில் அறுப்பு முடிந்துவிட்டால் அடுத்த அறுப்பு வரை வண்டி கொட்டகையில்தான் நிற்கும். சேறு ஒட்டிய நிலையில் மாதக்கணக்கில் நிற்கும் கிரீஸ் உருளையில், வெளியே தெரியும் தண்டின் பளபளப்பான பூச்சில் துருப்புள்ளிகள் விழுகின்றன. அடுத்த பருவத்தில் தண்டு நகரும்போது அந்தப் புள்ளிகள், கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் சீல் வளையத்தைக் கீறுகின்றன, கிரீஸ் கசிகிறது, காலையில் இறுக்கிய பெல்ட் பிற்பகலில் தளர்ந்து தொங்குகிறது. புதுச் சீல் போட்டாலும் புள்ளி விழுந்த தண்டு அதையும் கெடுக்கும் என்பதால், கடைசியில் தண்டையே மாற்ற நேர்கிறது. அறுப்பு உச்சத்தில் பொருள் வந்து சேரும் வரை வண்டி நின்றால், அந்தப் பருவத்தின் வருமானமே போய்விடும்.

திருகுத் தண்டும் துருப்பிடிக்கும்தான். ஆனால் பருவம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, காய விட்டு, மரையில் கிரீஸைத் தடவிச் சாக்குத் துணியால் சுற்றி வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதையும் மீறி நட் இறுகிப்போனால் துரு இளக்கும் எண்ணெய் விட்டும் சூடு காட்டியும் கழற்றலாம். மரை கெட்டால் காரைக்குடியில் லேத் பட்டறையில் அளவு கொடுத்துப் புதுத் தண்டே கடைந்து வாங்கலாம். இதைவிட எளிய பராமரிப்பு எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் விடாமல் பார்க்க வேண்டும்: லாக் நட் அதிர்வில் இளகக்கூடியது, ஆகவே வேலை தொடங்கும் முன் தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பது ஓட்டுநரின் கடமை.

பாதுகாப்பிலும் திருகு முந்துகிறது. கிரீஸ் உருளையில் இறுக்கத்தைக் குறைக்க வால்வைத் திறக்கும்போது, ஒரு சுற்றுக்கு மேல் திறந்தால் உள்ளழுத்தத்தில் வால்வே பாய்ந்து வரலாம்; பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போனால் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. முகத்தை நேராகக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். அழுத்தி வைத்திருக்கும் ரீகாயில் ஸ்பிரிங்கை உரிய பிரஸ் இல்லாத பட்டறையில் பிரிக்கவே விடக்கூடாது.

எந்த அமைப்பானாலும் இறுக்கத்தை அளக்கும் முறை ஒன்றே: வண்டியின் உடலைத் தூக்கிப் பெல்ட் தரையைத் தொடாமல் தொங்கும்போது, நடு ரோலரின் அடிப்பக்கத்துக்கும் பெல்ட்டின் உட்பரப்புக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். சிறிய பொக்லைன்கள் பலவற்றில் ரப்பர் பெல்ட்டுக்கு இது 10 முதல் 15 மில்லிமீட்டர் அளவில் சொல்லப்படுகிறது. அறுவடை வண்டிக்கு அதனதன் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்ற வேண்டும். அளப்பதற்கு முன் பல்சக்கரத்தில் அப்பியிருக்கும் களிமண்ணைச் சுரண்டாவிட்டால், பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோல் பொய்யாகக் காட்டும்.

இங்கே அறுப்பு முடித்து, பிறகு குறுவைக்குத் தஞ்சாவூர்ப் பக்கமும் வண்டியை அனுப்பி ஆண்டில் பல மாதங்கள் ஓட்டுபவருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. தொடர்ந்து நகரும் தண்டில் துரு உட்காருவது குறைவு என்பதால் கிரீஸ் உருளை அவருக்குத் தொல்லை தராமல் போகலாம். அவரும் பழைய வண்டி வாங்குவதானால், நிப்பிளையும் வால்வையும் சுற்றிப் புதுக் கிரீஸ் வழிந்த தடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். பிறகு பெல்ட்டை இறுக்கச் சொல்லி, சில மணி நேரம் ஓட்டிய பின் மறுபடியும் அதே இடைவெளியை அளந்து பார்த்துவிட்டு விலை பேசலாம்.