மாணவர் பட்டியலை எதில் அனுப்புவது? வாட்ஸ்அப், மின்னஞ்சல், டிரைவ், பென்டிரைவ்: ஓர் அலசல்

மாலை நாலு மணிக்குள் உதவித்தொகைப் பட்டியல் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. வகுப்பில் 60 பேர் என்றால் 60 பதிவெண், 60 ஆதார் எண், 60 வங்கிக் கணக்கு. கூடவே சாதிப் பிரிவு, பெற்றோர் வருமானம், கைபேசி எண். எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகளில் இதை அனுப்ப நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. எதற்குப் பூட்டு பலமானது என்று மட்டும் பார்த்தால் விடை தப்பாகிவிடும். அனுப்பி முடித்தபின் எத்தனை இடத்தில் பிரதி தங்குகிறது, அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

வாட்ஸ்அப்

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 2016 முதல் இரு முனைகளுக்கு இடையே செய்தி மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி போகிறது. அதனால் பலர் இதைப் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். போகும் வழியில் பாதுகாப்பு உண்டு, உண்மைதான். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பிரச்சினை.

துறை ஆசிரியர் குரூப்பில் 25 பேர் இருந்தால் கோப்பு 25 கைபேசிகளில் இறங்கலாம். வைஃபையில் தானாகவே இறங்கிக்கொள்ளும்படி அமைத்த கைபேசிகள் ஏராளம். துறைக் கணினியில் யாராவது வாட்ஸ்அப் வெப் திறந்து அதை இறக்கினால், டவுன்லோட்ஸ் கோப்புறையில் இன்னொரு பிரதி. போன ஆண்டு வேலையை விட்டுப்போன கௌரவ விரிவுரையாளர் இன்னும் குரூப்பில் இருக்கக்கூடும். இருபுறமும் அழிக்கும் வசதி சுமார் இரண்டரை நாள் வரை வேலை செய்யும். ஆனால் அதற்குள் வேறிடத்தில் சேமித்த பிரதியையும் ஃபார்வர்டு ஆன பிரதியையும் அது தொடாது. சாட் பேக்கப்புக்கான மறையாக்கத்தை ஒவ்வொருவரும் தனியாகத்தான் இயக்க வேண்டும்.

வகுப்பு குரூப்பில் கோப்பே போடாவிட்டாலும் ஒரு கசிவு நடந்துகொண்டேதான் இருக்கிறது: எல்லா மாணவிகளின் எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது. இது சின்ன விஷயம் இல்லை. கம்யூனிட்டி வகையைத் தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்தினால் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் உதவும். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும்.

எங்கள் கருத்து: "பட்டியல் தயார், பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற தகவலுக்கு வாட்ஸ்அப் போதும். பட்டியலுக்கு வேண்டாம்.

மின்னஞ்சல் இணைப்பு

பெறுநர் ஒருவரே என்றால் இது வாட்ஸ்அப்பை விட மேல். யார், எப்போது, யாருக்கு அனுப்பினார் என்ற பதிவு இருக்கும். இதில் விழும் அடி பெரும்பாலும் முகவரிப் பெட்டியில்தான். முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் பழைய முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அது ஒரு குழு முகவரியாகவும் இருக்கலாம். 2017-ல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில், நோய், குடும்பத்தில் இறப்பு என்று மாணவர்கள் சொன்ன அந்தரங்கக் காரணங்கள் அடங்கிய விரிதாள் சுமார் 300 மாணவர்களுக்குத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தக் கிடைப்பது இயல்பாக 5 நொடி. அமைப்புகளுக்குள் போய் அதை 30 நொடியாக மாற்றிவைக்கலாம். இன்றே செய்யலாம், ஒரு நிமிட வேலை. பலருக்கு ஒரே அஞ்சல் போகிறதென்றால் முகவரிகள் பிசிசி-யில், அதாவது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பெட்டியில் இருக்க வேண்டும்.

கோப்பைப் பூட்டுவதில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. எக்செலில் 'புரொடெக்ட் ஷீட்' என்பது பூட்டு அல்ல, தெரியாமல் திருத்திவிடாமல் தடுக்கும் ஏற்பாடு. உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம். உண்மையான பூட்டு ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்ற வழியில் இருக்கிறது. கோப்பு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் இருக்கட்டும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவின் பூட்டு எளிதில் உடையும். கல்லூரிப் பெயருடன் ஆண்டைச் சேர்த்த பாஸ்வேர்ட் பூட்டாகவே ஆகாது. பாஸ்வேர்டை அடுத்த அஞ்சலில் அனுப்பாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், தேவையில்லாத பத்திகளை (column) வெட்டுவது. மறைத்துவைத்தால் போதாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை தகவல் கேட்டவருக்கு அனுப்பிய எக்செல் கோப்பில் மறைந்திருந்த ஒரு தாள், 9,483 அதிகாரிகள், பணியாளர்களின் விவரத்தை வெளியே கொண்டுவந்துவிட்டது. அடுத்த ஆண்டு 7.5 லட்சம் பவுண்டு அபராதம். மறைத்த பத்திகளைச் சேர்த்து வளைத்துக் காப்பி செய்தால் அவையும் கூடவே வரும். ஆல்ட்டுடன் அரைப்புள்ளி விசையை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். அவற்றைப் புதிய கோப்பில் மதிப்புகளாக மட்டும் ஒட்டுங்கள். பிறகு, மறைந்திருப்பதைத் தேடிக் காட்டும் எக்செல் வசதியான 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வங்கிக் கணக்குப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றிவிடுவதும் நல்லது. எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16-ஆவது பூஜ்யமாகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யமும் மறைந்துபோகும். மாணவிக்கு வர வேண்டிய பணம் வராமல் நிற்க இதுவே போதும்.

டிரைவ் லிங்க்

கோப்பு கூகுள் டிரைவில் இருக்கும், லிங்க் மட்டும் போகும். ஒரே கோப்பு, ஒரே இடம். பார்த்துவிட்டுப் போகலாம், அனுமதியைத் திரும்பப் பெறலாம். எங்கள் அளவுகோலில் இதுதான் முதலிடம், ஆனால் சரியாக அமைத்தால் மட்டுமே. 'ரெஸ்ட்ரிக்டட்' என்று வைத்து, பார்க்க வேண்டியவரின் கல்லூரி முகவரியைச் சேர்த்தால், லிங்க் எத்தனை குரூப்புக்குப் போனாலும் மற்றவருக்குத் திறக்காது. 'எனிஒன் வித் தி லிங்க்' என்று வைத்தால் அது கதவைத் திறந்துவிட்டு சாவியைத் தெருவில் போட்ட மாதிரிதான். பார்வையாளருக்கு இறக்குதல், அச்சிடுதல், காப்பி செய்தல் மூன்றையும் நிறுத்தலாம். திரையைப் படம் எடுப்பதை நிறுத்த முடியாது.

கோப்பு ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் இருக்கக் கூடாது. அவர் வேலை மாறும்போது பட்டியலும் அவரோடு போய்விடும். கேட்டு வாங்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கோப்பு கல்லூரிக் கணக்கில் இருக்கட்டும்.

விவரம் திரட்டும்போது நடக்கும் தவறு இதைவிட மோசம். "இந்த ஷீட்டில் எல்லோரும் உங்கள் வரிசையை நிரப்புங்கள்" என்று வகுப்புக்கே லிங்க் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மாணவரும் மற்ற 59 பேரின் ஆதாரையும் சாதியையும் அப்பாவின் வருமானத்தையும் பார்க்கிறார். இது நடக்கவே கூடாது. பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருக்கும். கூகுள் ஃபார்ம் கொடுத்தால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஃபார்ம் அமைப்பில் முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் நிரப்பியவர் எல்லோருடைய பதிலையும் பார்க்கலாம். ஆதார் நகல் கேட்டே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் ஃபார்மை மூட வேண்டும். 2018-ல் லண்டனின் கிரீனிச் பல்கலைக்கழகத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் விழுந்தது. 2004-ல் ஒரு மாநாட்டுக்காகத் தொடங்கிய சிறு இணையதளத்தை யாரும் மூடவில்லை. அதன் வழியே புகுந்தவர்கள் 19,500 பேரின் விவரத்தை எடுத்துவிட்டார்கள்.

பென்டிரைவ்

இணையம் இல்லாத இடத்துக்கு மட்டும். தொலைவது ஒரு ஆபத்து. அழித்த கோப்பை மீட்டெடுக்க முடிவது இன்னொன்று. அதைவிடப் பெரியது ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பட்டியல் கடைக் கணினியில் அப்படியே கிடக்கும். விண்டோஸ் புரோ உள்ள கணினியில் பிட்லாக்கர் டு கோ என்ற விண்டோஸ் வசதி கொண்டு பென்டிரைவைப் பூட்டலாம். திறக்க எந்த விண்டோஸ் பதிப்பும் போதும். பிரிண்ட் துறையிலேயே எடுக்கட்டும்.

அறிவிப்புப் பலகை ஐந்தாவது வழி. எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைப் பட்டியலைப் பெயரோடு ஒட்டினால் அது சாதிப் பட்டியல். பதிவெண் போட்டால் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 12 இலக்கப் பதிவெண்ணில் கடைசி மூன்றும் வரிசை எண், வகுப்பில் யார் எவர் என்று எல்லோருக்கும் தெரியும். பதிவெண்ணும் பிறந்த தேதியும் ஒன்றாக ஒட்டப்பட்டால், அந்த இரண்டையும் வைத்தே திறக்கும் தேர்வு முடிவுப் பக்கங்களுக்கு அதுவே சாவி.

நாலு மணிப் பட்டியலுக்கு

கல்லூரி மென்பொருளில் நேரடியாகப் பதிவேற்ற முடிந்தால் அதுவே நல்லது, பிரதியே உருவாகாது. இல்லாவிட்டால் கல்லூரிக் கணக்கில் ரெஸ்ட்ரிக்டட் லிங்க். வெளி அலுவலகம் லிங்க் ஏற்காது என்றால் பூட்டிய எக்செல், ஒரே பெறுநருக்கு மின்னஞ்சலில். தொகை வரவு வைக்கப்பட்டதும் கோப்பை அழியுங்கள். டிரைவ் குப்பையில் அது 30 நாள் கிடக்கும், அங்கிருந்தும் அழிக்க வேண்டும்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி போதிய பாதுகாப்பு இல்லையென்றால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். 18 வயது நிரம்பாதவர் இச்சட்டத்தில் குழந்தை. முதலாண்டு வகுப்பில் 17 வயதினர் நிறையப் பேர் இருப்பார்கள்.

தவறிப் போய்விட்டால் மறைக்காதீர்கள். அனுமதியை உடனே ரத்து செய்யுங்கள், செய்தியை இருபுறமும் அழியுங்கள், எந்தக் கோப்பு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று எழுதி, துறைத்தலைவருக்கும் கணினிப் பிரிவுக்கும் அப்போதே சொல்லுங்கள். 2022 ஏப்ரலில் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி தரவுக் கசிவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும்; நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணியும் அதில் கழிகிறது. வங்கிக் கணக்கு வெளியே போயிருந்தால், வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது ஓ.டி.பி. கேட்டு அழைத்தால் சொல்ல வேண்டாம் என்று அந்த 60 மாணவர்களிடமும் அன்றே நேரில் சொல்லுங்கள்.