போர்ச்சுகலில் ரயில் டிக்கெட் வாங்கப் படித்த போர்த்துகீசியம்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

லிஸ்பனில் வேலைக்குச் சேர்ந்தது முதல், டிக்கெட் வாங்குவதற்கான போர்த்துகீசியத் தொடர்களை ஒரு கைப்பேசிச் செயலியில் நாள்தோறும் பதினைந்து நிமிடம் பழகிவந்தேன். அது கற்றுத் தந்தது பிரேசில் வழக்கு என்பது சாந்த அபொலோனியா நிலையத்தின் கவுன்ட்டரில் நின்றபோதுதான் உறைத்தது. ரயிலைக் குறிக்க நான் படித்திருந்த ‘த்ரெய்ம்’ இங்கே ‘கொம்போயு’. அங்கே ‘பஸ்ஸாஜெம்’ ஆகிற டிக்கெட் இங்கே ‘பில்யெத்’. கவுன்ட்டரில் இருந்த பெண்மணிக்கு என் பேச்சு புரிந்துவிட்டது; அழுத்தம் விழாத உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கி அவர் சொன்ன பதில்தான் எனக்குப் புரியவில்லை.

இன்றுவரை கைகொடுப்பது ‘கெரீஅ உம் பில்யெத் பர உ போர்த்து’ (போர்த்து நகருக்கு ஒரு டிக்கெட் வேண்டும்) என்ற ஒரே தொடர். ‘கெரீஅ’ இறந்தகால வடிவம் என்றாலும் பணிவாகக் கேட்கும் முறை அதுவே. ‘வேண்டும்’ எனப் பொருள்படும் ‘கேரு’ சற்று அதட்டலாக ஒலிக்கும். துறைமுகம் என்ற பொதுச்சொல்லே பெயரானதால் போர்த்து நகருக்கு முன் ஆங்கிலத்தின் ‘the’ போன்ற ‘உ’ என்ற சுட்டு வருகிறது; லிஸ்பனுக்கோ கோயிம்ப்ராவுக்கோ அது கிடையாது. போக வர இரண்டுக்கும் சேர்த்து வாங்க ‘இத இ வோல்த்தா’ என்று சேர்த்தால் போதும். ஜன்னலோர இருக்கை கேட்பதற்கு மட்டும் நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை, ஏனெனில் நம் ‘ஜன்னல்’ இவர்களுடைய ‘ஜனேலா’விலிருந்து வந்ததுதான்.

எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி, பணம் கட்டும்போது வரும் ‘கோன் கொன்த்ரிபுயின்த்?’ என்பது. பில்லில் வரி எண்ணைச் சேர்க்கவா என்று கேட்கிறார்கள். ஏதோ நன்கொடை கேட்பதாக எண்ணி இரண்டு மாதம் தலையசைத்து மறுத்துக்கொண்டிருந்தேன்.

நேரம் சொல்வதில்தான் உண்மையான சிக்கல். இருபத்துநான்கு மணிக் கணக்கில் பதினாறு ‘தெஸஸெய்ஷ்’, பதினேழு ‘தெஸஸெத்’. இரைச்சலுக்கு நடுவே இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன. அப்படித் தவறாகக் கேட்டு, இருக்கை குறித்த ரயில் ஒன்றைத் தவறவிட்டு, புது டிக்கெட் எடுத்தேன். செயலியின் சந்தாவை அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பதினைந்து நிமிடத்தை இப்போது நிலைய அறிவிப்புகளைக் கேட்பதில் செலவிடுகிறேன். ஐயம் வந்தால் ‘பாத் ஷ்க்ரெவேர்?’ என்று கேட்டு, நேரத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.