எலும்பு ஊசி (டெரிபாரடைட்) போட்டுட்டு இருக்கவங்க வீட்டுல தயவுசெஞ்சு படிங்க, கோர்ஸ் முடிஞ்சதும் எங்கள அப்படியே கைவிட்டுட்டாங்க

போன வாரம் பக்கத்து தெரு அக்கா ஒருத்தங்க வந்து, எங்க அத்தைக்கும் எலும்பு ஊசி ஆரம்பிச்சிருக்கு, தினமும் வீட்டுலயே போடணுமாம், உங்க அம்மாவுக்கும் போட்டீங்கல்லன்னு கேட்டாங்க. எந்த டாக்டர்னு கேட்டா அதே கிளினிக். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அதான் எழுதுறேன். கிளினிக் பேர் எழுதல, கேஸ் போடப் போறோம் அதனால. ஆனா நடந்தத ஒண்ணு விடாம சொல்றேன்.

அம்மாவுக்கு இப்ப 71 வயசு, நாங்க கோவில்பட்டி. 2022 ஏப்ரல்ல பின்வாசல்ல தண்ணிக் குடத்த இடுப்புக்கு தூக்கறப்ப நடு முதுகுல சுளீர்னு ஒரு வலி, அப்படியே உக்காந்துட்டாங்க. கீழ விழல, அடிபடல, வெறும் குடம் தூக்குனது தான். இங்க பக்கத்துல டாக்டர் சதைப்பிடிப்புன்னு சொல்லி மூணு வாரம் வலி மாத்திரையும் தடவுற ஜெல்லும் குடுத்தாரு, குறையவே இல்ல, அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா டி12ன்னு சொல்ற முள்ளெலும்பு முன்பக்கமா நசுங்கிப் போயிருக்கு. மதுரையில போய் எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். அந்த அடர்த்திய சொல்ற டி ஸ்கோர் மைனஸ் 3.4. மைனஸ் 2.5லயே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலமில்லாம போற நோய்னு சொல்லிருவாங்க, அம்மாவுக்கு அதுக்கும் ரொம்ப கீழ.

மதுரையிலயே பெரிய எலும்பு கிளினிக்னு சொன்னாங்கன்னு அங்க போனோம். டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு டெரிபாரடைட் ஊசி, தினமும் 20 மைக்ரோகிராம், 18 மாசம்னு எழுதிட்டாரு. நாலு நிமிஷம் கூட பேசல. மருந்து மேல எனக்கு எந்த குறையும் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். நம்ம கழுத்துல பாராதைராய்டு சுரப்பி இருக்குல்ல, அதோட ஹார்மோன்ல ஒரு பகுதி மாதிரியே செஞ்ச மருந்து. அந்த ஹார்மோன் எந்நேரமும் அதிகமா சுரந்தா எலும்பு கரையும், அதையே தினம் ஒரு தடவ சின்ன அளவுல ஊசியா போட்டா எலும்பு கட்டுற செல்லு வேல செய்ய ஆரம்பிக்கும். மத்த மருந்து நெறைய எலும்பு கரையறத தடுக்கறது தான், இது புதுசா எலும்ப கட்டுது. அமெரிக்காவுல 2002லயே அனுமதி குடுத்துட்டாங்க. இதெல்லாம் அவங்க சொல்லி தெரிஞ்சுக்கல, பின்னாடி நானா உக்காந்து படிச்சது.

முதல் அநியாயம் மருந்துக் கடையில. கிளினிக் உள்ளயே கடை, அங்க தான் வாங்கணும், வெளிய வாங்குனா நாங்க பொறுப்பு இல்லன்னு கவுண்டர்ல சொல்லிட்டாங்க. மருந்து உள்ளயே இருக்கற பேனா மாதிரி ஊசி அது, மாசம் ஒரு பேனா, 9,800 ரூபா. அதே மருந்து வேற கம்பெனி பாதி விலைக்கும் கீழ கிடைக்குதுன்னு ஒன்பதாவது மாசம் தான் எங்களுக்கு தெரியும். அண்ணன் சம்பளத்துல பாதி இதுக்கே போச்சு, என் வளையல் ரெண்டு அடகுல. காச விடுங்க. இந்த பேனாவ 2ல இருந்து 8 டிகிரி குளிர்லயே வச்சிருக்கணும், ஃபிரீசர்ல வைக்கக் கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட்டுறணும், அட்டையிலயே போட்டிருக்கு. அவங்க மே மாசத்து வெயில்ல ஒரு துணிப்பையில போட்டு குடுத்தாங்க. ஐஸ் பேக் கேட்டேன், "கொஞ்ச நேரம் தான மேடம், ஒண்ணும் ஆகாது"ன்னு அந்த பையன் சொன்னான். மதுரையில இருந்து கோவில்பட்டிக்கு பஸ்ல ரெண்டு மணி நேரம், ஜன்னல் ஓர சீட்டு, பை என் மடியில சூடா இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. மூணு மாசம் அப்படித்தான் கொண்டு வந்தோம். நாலாவது மாசத்துல இருந்து நானே டப்பாவும் ஐஸும் எடுத்துட்டு போனேன்.

ரெண்டாவது, முதல் நாள் ஊசி. தொடையில போட சொல்லிக் குடுத்தாங்க, சரி. ஆனா ஆரம்பத்துல சில நாளைக்கு ஊசி போட்டதும் பிரஷர் இறங்கி தலை சுத்தும், உக்காந்தோ படுத்தோ போட்டுக்கணும், உடனே எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அம்மா ஊசி போட்டுட்டு அடுப்ப பாக்க எந்திரிச்சுப் போய் நிலைப்படிய புடிச்சுட்டு அப்படியே சரிஞ்சாங்க. அண்ணி பின்னாடியே நின்னதால புடிச்சா. இல்லன்னா எலும்பு பலமாக போட்ட ஊசியே இடுப்ப ஒடச்சிருக்கும். நினைச்சா இன்னும் கை நடுங்குது.

அப்புறம் 28 நாள் கணக்கு. ஒரு பேனாவ திறந்து 28 நாள் ஆச்சுன்னா உள்ள மிச்சம் தெரிஞ்சாலும் போடக் கூடாது. நடுவுல அம்மாவுக்கு காய்ச்சல் வந்து ஒரு வாரம் போடல, மிச்சத்த என்ன பண்ணன்னு ஃபோன்ல கேட்டதுக்கு அந்த நர்ஸ் பொண்ணு தீர்ற வரைக்கும் போடுங்கன்னு சொல்லுச்சு. போட்டோம்.

இதெல்லாம் கூட நான் மன்னிச்சிருவேன். மன்னிக்கவே முடியாதது கடைசியில நடந்தது.

2023 நவம்பர்ல 18 மாசம் முடிஞ்சுது. ஸ்கேன் எடுத்தோம், மைனஸ் 2.6க்கு ஏறியிருந்துச்சு. அம்மா முகத்துல அவ்வளவு சந்தோஷம், முதுகு வலி நின்னுருச்சு, பூக்கட்ட உக்காருறாங்க, கோயிலுக்கு நடந்தே போறாங்க. டாக்டரும் சிரிச்சுட்டே "கோர்ஸ் முடிஞ்சுது பாட்டி, இனிமே இந்த கால்சியம் மாத்திரை மட்டும் போதும், ஒரு வருஷம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. நான் கதவு கிட்ட போய்ட்டு திரும்பி வந்து, இதுக்கு மேல வேற எதுவும் மருந்து வேண்டாமா சார்னு கேட்டேன். வேண்டாம்மான்னு சொன்னாரு. நான் கேட்டேன். கேட்டதுக்கு அப்புறமும் வேண்டாம்னு தான் சொன்னாரு.

2024 தீபாவளி சமயத்துல அம்மா சேலை கட்டுனா கொசுவம் தரையில இழுபடுது. "என்னம்மா சேலை இப்படி இறங்கி கிடக்கு"ன்னு கேட்டா, "சேலை தான் நீளமா வந்திருக்குடி"ன்னு சொல்றாங்க. பழைய சேலை அது, பத்து வருஷமா கட்டுற சேலை. அம்மா தான் குட்டையாகிட்டு இருந்துருக்காங்க, எனக்கு புரியல. 2025 ஜனவரியில பொங்கலுக்கு மறுநாள் அரிசி டப்பாவ நகத்தும்போது மறுபடியும் அதே சுளீர். இந்த தடவ எல்1, கூடவே டி11ம் நசுங்கியிருக்கு. ஸ்கேன்ல மைனஸ் 3.2. 18 மாசம், அவ்வளவு ஊசி, ஒண்ணே முக்கால் லட்ச ரூபாய்க்கு மேல, ஏறுனது முக்கால்வாசி இறங்கிப் போச்சு.

இந்த தடவ கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போனோம். அங்க இருந்த லேடி டாக்டர் எல்லா பேப்பரையும் வரிசையா வச்சு பாத்துட்டு, ஊசி நிறுத்துனதும் என்ன குடுத்தாங்கன்னு கேட்டாங்க. கால்சியம்னு சொன்னேன். ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல. அப்புறம் தான் பொறுமையா சொன்னாங்க: இந்த ஊசி கட்டுன எலும்பு அப்படியே நிக்காது, நிறுத்துன உடனே கரைய ஆரம்பிக்கும், அதனால ஊசி முடிஞ்ச கையோட கரையாம தடுக்கற மருந்து ஒண்ணு ஆரம்பிச்சே ஆகணும், வாரம் ஒரு தடவ போடுற அலென்ட்ரோனேட் மாத்திரையோ, வருஷத்துக்கு ஒரு தடவ ட்ரிப்ல ஏத்துற சோலெட்ரானிக் ஆசிடோ, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டினோசுமாப் ஊசியோ. கால்சியமும் வைட்டமின் டியும் இதுக்கு கூட குடுக்கறது, இதுக்கு பதிலா குடுக்கறது இல்ல. டினோசுமாப் ஆரம்பிச்சா தேதி தள்ளவே கூடாது, டாக்டர கேக்காம நிறுத்தவும் கூடாது, நிறுத்துனா முள்ளெலும்பு வரிசையா உடையற ஆபத்து இருக்குன்னும் சொன்னாங்க. மண்ணு குழைச்சு சுவர் கட்டிட்டு மேல பூசாம மழையில விட்ட மாதிரி ஆச்சுன்னு அண்ணன் சொன்னான், அது தான் சரி.

இன்னும் ஆறு மாசம் அதே ஊசி வேணும்னா போடலாம்னாங்க, அம்மா கையெடுத்து கும்பிட்டுட்டாங்க, இனி தினமும் குத்த வேண்டாம்னு. அதனால வைட்டமின் டிய முதல்ல சரி பண்ணி, கிட்னிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணி, பல்லு காமிச்சு, மார்ச்ல சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம் ட்ரிப்ல ஏத்துனாங்க. ரெண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும்னு முன்னாடியே சொல்லி பாராசிட்டமால் குடுத்து அனுப்புனாங்க. வந்துச்சு, ஆனா பயப்படல, ஏன்னா சொல்லியிருந்தாங்க. ஒரு ரூபா வாங்காத இடத்துல தான் உக்கார வச்சு சொன்னாங்க.

பழைய கிளினிக்ல போய் கேட்டா, நாங்க சொன்னோம், நீங்க தான் ரிவியூவுக்கு வரலன்னு சாதிக்கிறாங்க. ஃபைல் கேட்டேன், தர மாட்டோம்னாங்க. நோயாளி ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சில் விதியே இருக்கு, 2002 விதி. அத எழுதி கையெழுத்து போட்டு குடுத்ததுக்கு அப்புறம் தான் ஜெராக்ஸ் வந்துச்சு. 2023 நவம்பர் பக்கத்துல ரெண்டே வரி: கோர்ஸ் முடிந்தது, கால்சியம் தொடரவும். வேற மருந்து பேரே இல்ல. அந்த பக்கம் தான் இப்ப எங்க வக்கீல் கிட்ட இருக்கு. நுகர்வோர் கோர்ட்டுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அதனால நீங்களும் இந்த மாதிரி மாட்டியிருந்தா பேப்பர் எதையும் தூக்கிப் போடாதீங்க, பில்லு உட்பட.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த பேனா ஓடிட்டு இருந்தா கடைசி பேனா தீர்றதுக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட போய், முடிஞ்ச மறுநாள்ல இருந்து என்ன மருந்துன்னு கேட்டு சீட்டுல எழுதி வாங்குங்க, வாயால சொன்னா பத்தாது. ஏற்கனவே முடிஞ்சு மாசக்கணக்கா வெறும் கால்சியத்துல இருக்காங்கன்னா வேற ஒரு நல்ல டாக்டர இந்த வாரமே பாருங்க, வலி இல்லையேன்னு இருக்காதீங்க, எங்க அம்மாவுக்கும் வலி இல்ல, சேலை தான் இழுத்துச்சு. பக்கத்து தெரு அக்காவுக்கு இதெல்லாம் நேர்லயே சொல்லி, ஐஸ் டப்பாவும் குடுத்து விட்டேன். அவங்க அத்தைக்கு இன்னும் பதினாறு மாசம் இருக்கு.