டைகர் டாங்கிக்குள் எதை வைப்பது: மைக்ரோ சர்வோவா, என்20 மோட்டாரா?

1/35 அளவு டைகர் (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி) மாடல் கிட்டை ரிமோட்டில் ஓட்ட 9 கிராம் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) இரண்டு போதும். உள்ளிருக்கும் தடுப்பை வெட்டி, கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதில் சம மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் முழுச் சுற்றும் சுழலும். அதன் போர்டே வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். ரிசீவரில் நேராகச் செருகலாம். பொட்டென்ஷியோமீட்டரையே பசை போட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. மதுரைக்கு அது வேண்டவே வேண்டாம். சூட்டில் அதன் மதிப்பு நகரும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் விட்டால், ஸ்டிக்கைத் தொடாமலே டாங்கி ஊரும்.

என்20 என்ற சிறு கியர் மோட்டாருக்குத் தனி டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் போர்டு) வேண்டும். ஒரே ஸ்டிக்கில் ஓட்டினால் மிக்ஸிங்கும் (ஸ்டிக் அசைவை இரண்டு பக்கத் தடத்துக்கும் பிரித்துக் கொடுப்பது) வேண்டும், அது சர்வோவுக்கும்தான். இடமும் நெருக்கம்: ஒவ்வொன்றும் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், முதுகோடு முதுகு வைத்தால் ஒயருக்கே இடம் தேடணும்.

ஆனாலும் என் ஓட்டு என்20க்குத்தான். பல்லெல்லாம் உலோகம், மெதுவாக நகர்த்தினாலும் திக்காது. 24 மில்லிமீட்டர் சக்கரத்தில் 100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 100 சுற்று) என்றால், அசல் டாங்கி மணிக்கு 16 கிலோமீட்டரில் போகிற கணக்கு. அவ்வளவு கனத்த வண்டிக்கு அந்த நடைதான் அழகு.

எதைப் போட்டாலும் கிட்டோடு வரும் வினைல் தடம் இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறும். முதலில் அதைத் தளர்த்துங்கள். வைகை மணலில் மட்டும் இறக்காதீர்கள்.